காற்றுக்கு அசையாத நிழல்பந்தல்: வேலூர் வெயிலுக்கு வீட்டுப் பின்புறத்தில் போடும் முறை

வேலூர்ப் பக்கம் பின்புறத்தில் பந்தல் போடுகிறவர்கள் பெரும்பாலும் வெயிலை மட்டும் மனதில் வைத்துப் போடுகிறார்கள். கத்திரி பிறந்து சில நாளில் ஒரு சாயங்காலம் மேற்கே கறுத்துக்கொண்டு வரும். மழைக்கு முன்னால் புழுதியோடு காற்று அடிக்கும். கால் மணி நேரத்தில் ஷீட் அடுத்த தெருவில் கிடக்கும். போய்ப் பார்த்தால் தூண் உடைந்திருக்காது. அடியில் ஒட்டிய சின்ன கான்கிரீட் உருண்டையோடு பிடுங்கிக்கொண்டு வந்திருக்கும்.

காரணம் எளிது. 10க்கு 12 அடிப் பந்தல், குழாய், வலை எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 150 கிலோதான். அதைத் தாங்குவது ஒரு வேலையே இல்லை. காற்று அதை மேலே தூக்காமல் பிடித்துவைப்பதுதான் வேலை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 54 கி.மீ. காற்றில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 14 கிலோ, 108 கி.மீ. காற்றில் 55 கிலோ. 120 சதுர அடி என்பது 11 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அடைத்த கூரையாக இருந்தால் 108 கி.மீ. காற்று அதை 600 கிலோவுக்கு மேல் தூக்கும். வழக்கமாகத் தோண்டுகிற, நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஓரடியான குழியில் நிற்பது 68 கிலோ கான்கிரீட். நான்கு குழிக்கும் சேர்த்து 272 கிலோ. பந்தலின் சொந்த எடையைக் கூட்டினாலும் போதாது.

ஷீட்டின் மேல் செங்கல், கருங்கல், பழைய டயர் அடுக்கிவைக்கும் வழக்கம் ஊர் முழுக்க இருக்கிறது. ஒரு செங்கல் 3 கிலோ. 600 கிலோவுக்கு 200 செங்கல் அடுக்க வேண்டும். பத்துக் கல்லை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினால், காற்றில் ஷீட்டோடு கல்லும் சேர்ந்து விழும். கீழே குழந்தைகள் விளையாடும் இடம் அது. இந்தப் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இங்கே சொல்லப்போவது ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்ச் சட்டத்தில் ஷேட் நெட் (நிழல்வலை) கட்டும் பந்தல். வட ஆற்காட்டு வெயிலுக்கும் கோடைக் காற்றுக்கும் செலவு குறைந்த, நீண்ட நாள் உழைக்கிற வழி இதுதான் என்பது எங்கள் தீர்மானமான கருத்து.

எங்கே போடுவது

வேலூர் ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை நடுவில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் வரும். வைகாசி, ஆனியில் மதியச் சூரியன் கொஞ்சம் வடக்கே தள்ளி நிற்கும். மதியத்துக்கு எந்தக் கூரையும் நிழல் தரும், அதில் சிக்கல் இல்லை. சிக்கல் மூன்று மணிக்குமேல்தான். மே மாதம் நடுவில் மாலை 4 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 35 பாகைக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கும். அப்போது 8 அடி உயரக் கூரையின் நிழல் கூரைக்குக் கீழே விழாது, பதினொன்றரை அடி கிழக்கே தள்ளி விழும். பத்தடி அகலப் பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டவர் முழு வெயிலில் உட்கார்ந்திருப்பார். பந்தல் போட்டும் பிரயோஜனம் இல்லை என்று சொல்கிறவர்களின் வீட்டில் நடப்பது இதுதான்.

அதனால் இரண்டு ஏற்பாடு. கூரையின் மேற்கு ஓரத்தைத் தாழ்த்துங்கள். மேற்கில் ஒரு தொங்கு திரை வையுங்கள். மேற்கு ஓரம் தாழ்ந்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: மேற்கிலிருந்து வரும் காற்று கூரையின் மேல்முகத்தில் பட்டு அதைக் கீழே அழுத்தும். உயர்ந்த ஓரம் காற்றைப் பார்த்திருந்தால் அடிமுகத்தில் புகுந்து குடையைப் பிடுங்குவதுபோல் தூக்கிவிடும்.

குழி தோண்டும் முன் செப்டிக் டேங்க், கழிவுநீர்க் குழாய், போர் மோட்டார் ஒயர் எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் மின்கம்பிக்குக் கீழே இரும்புச் சட்டம் கூடவே கூடாது. வேப்ப மரத்தையோ தென்னையையோ ஒரு தூணாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். காற்றில் மரம் ஆடும், சட்டம் ஆடாது. நடுவில் இருக்கும் வலைதான் கிழியும். சன்ஷேடிலும் மாடிக் கைப்பிடிச் சுவரிலும் கொக்கி அடித்துக் கட்டுவதும் வேண்டாம். நாலரை அங்குலச் செங்கல் சுவருக்கு இழுவையைத் தாங்கும் பலம் கிடையாது.

வாங்க வேண்டியவை

12 அடிப் பக்கம் வடக்கு தெற்காகவும், 10 அடிப் பக்கம் கிழக்கு மேற்காகவும் ஓடுவதாக வைத்துக்கொள்வோம்.

தூணுக்கு இரண்டரை அங்குல ஜிஐ குழாய், ‘பி’ கிளாஸ், 20 அடி நீளத்தில் இரண்டு. குழாயில் நீலப்பட்டை இருக்க வேண்டும். மஞ்சள் பட்டை ‘ஏ’ கிளாஸ், சுவர் மெலிந்தது. விலை குறைவு என்று அதை எடுத்தால் வெல்டிங்கிலேயே ஓட்டை விழும். ஒவ்வொரு குழாயையும் 9½ அடி, 10½ அடி என்று வெட்டுங்கள். குட்டையானது மேற்குத் தூண், நெட்டையானது கிழக்குத் தூண். இரண்டேகால் அடி குழிக்குள் போனால் மேற்கே 7¼ அடி, கிழக்கே 8¼ அடி நிற்கும். ஓர் அங்குலம்கூட வீணாகாது.

மேல் சட்டத்துக்கு ஒன்றரை அங்குலக் குழாய், அதே நீலப்பட்டை, 20 அடி நீளத்தில் மூன்று. ஒன்றைச் சரிபாதியாக வெட்டினால் இரண்டு 10 அடித் துண்டு. மற்ற இரண்டில் 12 அடி எடுத்ததுபோக 8 அடி, 8 அடி மிஞ்சும். அந்தப் பதினாறு அடியில் 2 அடித் துண்டுகள் எட்டு. மூலைக்கு இரண்டு வீதம் சாய்வுத் தாங்கு போட எட்டுதான் வேண்டும்.

கான்கிரீட்டுக்கு சிமென்ட் 4 மூட்டை, எம்-சாண்ட் 10 கன அடி, 20 மி.மீ. ஜல்லி 20 கன அடி. பிறகு 12 மி.மீ. கம்பி 8 அடி, 4 மி.மீ. ஒயர் ரோப் (எஃகுக் கம்பிக் கயிறு) 36 அடி, அதை முறுக்கி விறைப்பாக்கும் டர்ன் பக்கிள் மூன்று, அதன் முனையை மடித்துப் பிடிக்கும் ‘யூ’ வடிவ ஒயர் ரோப் கிளிப் பன்னிரண்டு, தூண் தலைக்கு மூடி நான்கு, ஜிங்க் பிரைமர், பெயின்ட்.

வலையில் கஞ்சத்தனம் வேண்டாம். யூவி (புற ஊதாக் கதிர்) தாங்கும் மோனோ இழை வலை, 75 சதவீதம் வெயிலை மறைப்பது, 3 மீட்டர் அகலம். பட்டையான டேப் இழையில் நெய்த மலிவு வலை இரண்டாவது கோடையிலேயே கையில் தூளாக உதிரும். இழையை விரலில் உருட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்: மோனோ இழை மீன்பிடி நரம்புபோல உருண்டையாக இருக்கும், டேப் இழை ரிப்பன்போலத் தட்டையாக இருக்கும். 50 சதவீத வலை செடிக்கு நல்லது, ஆள் உட்கார ஆகாது. 90 சதவீத வலை நிழல் நன்றாகத் தரும், ஆனால் காற்றுக்கு ஏறக்குறைய ஷீட் மாதிரியே நடந்துகொள்ளும்.

குழி

தை, மாசியில் தோண்டிவிடுங்கள். பங்குனி வெயிலில் கான்கிரீட் போடுவது கஷ்டம், சித்திரையில் இன்னும் கஷ்டம்.

நான்கு மூலைக்கும் முளை அடித்து நூல் கட்டுங்கள். ஒரு பக்கம் 6 அடி, அடுத்த பக்கம் 8 அடி குறித்து, இரண்டு குறிக்கும் குறுக்கே 10 அடி வந்தால் மூலை சரி. கடைசியாக இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்துபாருங்கள். இரண்டும் 15 அடி 7½ அங்குலம் வர வேண்டும். ஓர் அங்குலம் மாறினாலும் அப்போதே திருத்துங்கள். இப்போது விட்டால் வலை கட்டும்போது ஒரு மூலை இழுத்துக்கொண்டும் எதிர் மூலை தொங்கிக்கொண்டும் நிற்கும்.

ஒவ்வொரு குழியும் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழம் இரண்டரை அடி. இதில் 380 கிலோ கான்கிரீட் நிற்கும், நான்குக்கும் 1,500 கிலோ. 600 கிலோ தூக்கலுக்கு இது இரண்டரை மடங்கு. வலையில் காற்று கசியுமே, இவ்வளவு எதற்கு என்று மேஸ்திரி கேட்பார். இரண்டு வருஷம் கழித்து வீட்டில் யாராவது வலையை எடுத்துவிட்டுத் தகர ஷீட் போடுவார்கள், அதற்காகத்தான். குழியின் பக்கம் வெட்டாத மண்ணாகவே இருக்க வேண்டும். பெரிதாகத் தோண்டிவிட்டுச் சுற்றிலும் தளர்ந்த மண்ணைத் தள்ளி மூடினால் மண்ணின் பிடிப்பு போய்விடும்.

மண்ணுக்குத் தக்கபடி கொஞ்சம் மாறும். செம்மண்ணும் சரளையும் உள்ள இடத்தில் பக்கம் செங்குத்தாக நிற்கும், கவலை இல்லை. பாலாற்றை ஒட்டிய மணல் பாங்கான இடங்களில் பக்கம் சரியும். அங்கே அடிப்பக்கத்தைச் சுற்றி 3 அங்குலம் அகலமாகக் குடைந்து, மேலே குறுகலாக விடுங்கள். சரிந்துகொண்டே இருந்தால் தகரத்தையோ பலகையையோ அணைத்துவைத்து கான்கிரீட் போட்டுக்கொண்டே மேலே உருவிவிடலாம். மலையடிவாரத்து மனைகளில் ஓரடியிலேயே பாறை தட்டும். கடப்பாரையால் குத்திக் கேளுங்கள். ‘ணங்’ என்று எதிரொலித்தால் அடிப்பாறை. ‘தொப்’ என்றால் மக்கின பாறையோ தனிக் குண்டுக்கல்லோ, அதை நம்பக் கூடாது, பெயர்த்து எடுக்க வேண்டும். அடிப்பாறையாக இருந்தால் 14 மி.மீ. துளை, 8 அங்குல ஆழம், குழிக்கு நான்கு போடுங்கள். துளைக்குள் தூசி துளியும் இல்லாமல் ஊதி எடுத்து, கெமிக்கல் ஆங்கர் பசையோடு 12 மி.மீ. கம்பியை இறக்குங்கள். ஓரடிக் குழியே போதும். தூசியை ஊதாமல் ஒட்டினால் பசை தூசியைத்தான் பிடிக்கும், பாறையைப் பிடிக்காது. இதற்கான கம்பியையும் பசையையும் தனியாக வாங்க வேண்டும். குழி எவ்வளவு ஆழம் குறைந்ததோ அவ்வளவு தூணையும் குட்டையாக வெட்ட வேண்டிவரும்.

தூண் நிறுத்துதல்

தூணின் அடியிலிருந்து 4 அங்குலத்தில் ஒன்று, 8 அங்குலத்தில் ஒன்று என்று ஓரடிக் கம்பி இரண்டைக் குறுக்கும் நெடுக்குமாக வெல்டு செய்யுங்கள். இது இல்லாவிட்டால் வழவழப்பான குழாய் கான்கிரீட்டிலிருந்து உருவிக்கொண்டு வரும். பலர் விட்டுவிடுகிற வேலை இது. குழியின் அடியில் 3 அங்குலம் ஜல்லி போட்டு இடித்து, அதன்மேல் தூணை வையுங்கள். தூக்குக்குண்டு பிடித்து இரண்டு பக்கமும் செங்குத்து பார்த்து, மூன்று சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுங்கள்.

சிமென்ட், எம்-சாண்ட், ஜல்லி கலவை 1:2:4. ஒரு மூட்டைக்கு 25 முதல் 28 லிட்டர் தண்ணீர். வெயிலில் கலவை இறுகும்போது மேலும் ஒரு குடம் ஊற்றுவது வேலையாட்களின் பழக்கம். அந்தக் குடம் கான்கிரீட்டின் பலத்தைப் பாதியாக்கிவிடும். காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்தால் அந்தக் குடம் தேவைப்படாது. கம்பியால் குத்திக் குத்தி இறக்குங்கள். மேல்பகுதியைத் தரையைவிட 2 அங்குலம் உயர்த்தி, தூணிலிருந்து வெளியே வழியும்படி சரிவாகப் பூசுங்கள். ஜிஐ தூண் எப்போதும் துருப்பிடித்து ஒடிவது தரை மட்டத்தில்தான், தண்ணீர் தேங்குவதால். அந்த இடத்தில் மேலும் கீழும் 6 அங்குலத்துக்கு முன்கூட்டியே தார் பெயின்ட் அடித்துவிட்டால் தூணின் ஆயுள் கூடும். ஈரச் சாக்கைச் சுற்றி ஏழு நாள் நனைத்துக்கொண்டே இருங்கள். அதுவரை தூணில் எதையும் ஏற்றவோ கட்டவோ வேண்டாம்.

சட்டமும் வெல்டிங்கும்

மேல் குழாய்களைத் தூணுக்கு நடுவே பொருத்தி வெல்டு செய்யுங்கள். இரு முனையையும் தூணின் வளைவுக்கு ஏற்ப மீன்வாய்போல் அரைத்துக்கொண்டால் முழுச் சுற்றும் வெல்டு ஏறும். பிறகு மூலைக்கு இரண்டு வீதம் 2 அடித் தாங்குகளை 45 பாகைச் சாய்வில் வையுங்கள். இவைதான் பந்தல் பக்கவாட்டில் ஆடாமல் காக்கும்.

வெல்டு படும் இடத்தில் துத்தநாகப் பூச்சை ஓர் அங்குலம் முன்கூட்டியே கிரைண்டரால் எடுத்துவிடுங்கள். பூச்சோடு வெல்டு செய்தால் வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தால் ராத்திரி காய்ச்சலும் நடுக்கமும் வரும். திறந்த வெளியில், காற்று தள்ளிச் செல்லும் பக்கம் பார்த்து வேலை செய்யச் சொல்லுங்கள். வெல்டு ஆறியதும் கசடைத் தட்டி, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, ஜிங்க் பிரைமர் இரண்டு கை அடித்த பிறகே பெயின்ட். வெறும் பெயின்ட் அடித்தால் அடுத்த ஐப்பசி மழையில் ஒவ்வொரு மூட்டிலும் துருக் கோடு வழிந்திருக்கும். தூண் தலையை மூடுங்கள், கான்கிரீட்டுக்கு மேல் ஓர் அங்குலத்தில் 6 மி.மீ. துளை ஒன்று விடுங்கள். உள்ளே வேர்க்கும் தண்ணீர் அதன் வழியே போகட்டும்.

வலை

ஒயர் ரோப்பை 12 அடிப் பக்கத்தில் 3 அடிக்கு ஒன்றாக, கிழக்கு மேற்காக இழுங்கள். ஓரத்து இரண்டும் வலைக்குக் கீழே, நடுவில் உள்ளது வலைக்கு மேலே. கீழே உள்ளவை தொய்வைத் தாங்கும், மேலே உள்ளது காற்றில் வலை புடைப்பதைத் தடுக்கும். கிளிப் போடும்போது ‘யூ’ பக்கம் வெட்டிய வால் முனைமேல் இருக்க வேண்டும், அடிக்கட்டை இழுபடும் கம்பிமேல் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் யூ கம்பியை நசுக்கி, அந்த இடத்திலேயே இழைகள் அறுபடும். டர்ன் பக்கிளைக் கையால் முறுக்கினால் போதும். ஸ்பானர் போட்டு இறுக்கினால் 12 அடிக் குழாய் உள்பக்கமாக வளைந்துவிடும்.

வலையை 11 அடி 9 அங்குலம் வெட்டுங்கள். நான்கு பக்கமும் 3 அங்குலம் மடித்து, மடிப்புக்குள் 6 மி.மீ. எச்டிபிஇ (பிளாஸ்டிக்) கயிறு வைத்து, யூவி தாங்கும் நூலால் இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள். ஷாமியானா தைப்பவர்களுக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும். முடிந்த அளவு 9 அடி 4 அங்குலத்துக்கு 11 அடி 3 அங்குலம் வரும். சுற்றிலும் குழாய்க்கும் வலைக்கும் இரண்டு, மூன்று அங்குலம் இடைவெளி வேண்டும். மத்தியானம் கொதிக்கிற குழாயில் வலை உரசினால் அந்தக் கோட்டிலேயே நைந்து கிழியும்.

வலையைச் சட்டத்தோடு 4 மி.மீ. கயிற்றால், 6 அங்குலத்துக்கு ஒரு கண் வீதம், ஒரே ஓட்டமாகப் பின்னிக் கட்டுங்கள். முதலில் நான்கு மூலை, பிறகு பக்கங்கள். கட்டுக்கம்பி கூடாது, அது வலையை அறுக்கும். பின்னல் கயிறு மெலிந்திருப்பது வேண்டுமென்றே செய்வது. அளவுக்கு மீறிய காற்றில் முதலில் அறுபட வேண்டியது அந்தக் கயிறுதான். கயிறு அறுந்தால் திரும்பக் கட்டிக்கொள்ளலாம், வெல்டு விட்டால் அப்படி முடியாது. புயல் எச்சரிக்கை வந்தால் ஒரு முடிச்சை அவிழ்த்து உருவினால் பத்து நிமிஷத்தில் வலை கையில் இருக்கும்.

வெயில் ஏறிய பிறகு கட்டுங்கள். சூட்டில் வலை நீளும். அதிகாலைக் குளிர்ச்சியில் விறைப்பாகக் கட்டியது மதியத்தில் தொய்ந்துவிடும். இரண்டு வாரம் கழித்து ஒருமுறை இழுத்துக் கட்டினால் பிறகு நிலைத்துவிடும். தொய்ந்த வலைதான் படபடக்கும், படபடக்கிற வலைதான் கிழியும்.

மேற்குத் திரைக்கு அதே வலையை மேற்குச் சட்டத்திலிருந்து தொங்கவிட்டு, அடியில் ஓர் அங்குலக் குழாய் கோத்து, தூணோடு கட்டிக்கொள்ளலாம். தரைவரை இறக்க வேண்டாம். 3 அடி உயரத்தில் நிறுத்தினால் காற்று புகும், 4 மணி வெயிலும் உள்ளே நாலேகால் அடியைத் தாண்டாது. வைகாசியில் சூரியன் நேர் மேற்கில் இறங்காமல் வடமேற்கில் இறங்கும், அதனால் திரையை வடக்குப் பக்கம் 3 அடி திருப்பிவிடுங்கள். சாயங்காலம் வானம் கறுத்தால் முதல் வேலை இந்தத் திரையைச் சுருட்டிக் கட்டுவது.

கீற்றும் ஷீட்டும்

குளிர்ச்சிக்குத் தென்னங்கீற்றை மிஞ்ச எதுவும் இல்லை. இதே சட்டத்தில் மூங்கில் பிளாச்சு கட்டிக் கீற்று வேயலாம். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அடுப்பங்கரைக்கு அருகில் ஆகாது, தீபாவளிக்கு நனைத்துவைக்க வேண்டும். சவுக்குக் கம்பை மண்ணில் நேராக நட்டால் தரை மட்டத்தில் கரையான் அரித்துவிடும்.

தகர ஷீட் வெறுமனே போட்டால் அதுவே சூட்டைக் கீழே இறக்கும். போட்டே தீர வேண்டுமானால் மூன்றடிக்கு ஒரு குறுக்குக் குழாய் கூடுதலாக வேண்டும். ஓர வரிசையில் ஒவ்வொரு மேட்டிலும் வாஷர் வைத்த ஸ்குரூ போட வேண்டும், ஷீட்டுக்குக் கீழே ஓரடி இடைவெளி விட்டு ஒரு அடுக்கு வலை கட்ட வேண்டும். மொட்டை மாடிக்கு இந்த அளவுகளை அப்படியே கொண்டுபோகாதீர்கள். அங்கே காற்றும் அதிகம், குழியும் கிடையாது.

புதுச்சேரி, கடலூர், சென்னைக் கடற்கரையில் உறவினர் வீட்டுக்கு இதைச் செய்வதாக இருந்தால் கணக்கே மாறும். கட்டடங்களின் காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி சென்னைக்குச் சொல்லும் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. அந்தக் காற்றில் இதே கூரையின் தூக்கல் 1,700 கிலோ, நம் நான்கு குழியின் எடையைவிட அதிகம். 2011 டிசம்பர் 30இல் கடலூரைத் தாக்கிய தானே, 2016 டிசம்பர் 12இல் சென்னையைத் தாக்கிய வர்தா போன்ற புயலுக்கு வலையைக் கழற்றிவைப்பது ஒன்றே வழி. உப்புக்காற்றில் மூட்டுகளில்தான் முதலில் துரு பிடிக்கும். ஆகையால் வெல்டிங்கை எல்லாம் பட்டறையிலேயே முடித்து, பிறகு மொத்தமாகக் காய்ச்சிய துத்தநாகத்தில் முக்கி எடுத்து, மனையில் போல்ட் மட்டும் போட வேண்டும். ஒயர் ரோப்பும் போல்ட்டும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள். 304 ரகம் கடலோரத்தில் சீக்கிரமே பழுப்புக் கறை பிடிக்கும்.

வருஷத்துக்கு இரண்டு முறை, பங்குனியிலும் புரட்டாசியிலும், மூன்று இடம் பாருங்கள். தரை மட்டத்தில் தூணைச் சுத்தியால் லேசாகத் தட்டுங்கள், சத்தம் மந்தமானால் உள்ளே துரு. கிளிப் நட்டுகளை ஒரு சுற்று இறுக்குங்கள். வலையின் மேற்கு ஓரத்தில் ஓர் இழையை நகத்தால் மடியுங்கள். வளைந்தால் இன்னும் ஒரு கோடை தாங்கும், ‘டக்’ என்று ஒடிந்தால் வலையை மாற்றிவிடுங்கள்.